ஆடிக் காற்றும் பேனல் புழுதியும்: கழுவுவதா, மழைக்கு விடுவதா?

கரிசல்மேடு:
அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் வீடு. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார், ஆறு பேனல், தெற்கு பார்த்து லேசான சாய்வு. சித்திரையில் நாளுக்கு 13 யூனிட் தந்தது. இப்போது ஆடி பிறந்துவிட்டது, 10.5 தாண்டவில்லை. நேற்று மேலே போய்க் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது, மற்ற இடமெல்லாம் மண். வைத்துக் கொடுத்தவர்கள் "மழை பார்த்துக்கொள்ளும், நீங்கள் தொடவே வேண்டாம்" என்றார்கள். மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. போர்த் தண்ணீர் உப்பு, குடிதண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிறோம். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

கூரைவிளக்கு:
வாரம் ஒரு முறை கழுவுங்கள், யோசிக்கவே வேண்டாம். நான் பல்லடம். இங்கே ரோட்டுப் புழுதியோடு மில் பஞ்சும் பறந்து வந்து ஒட்டும். நான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் குழாய் பிடித்துக் கழுவுகிறேன். உங்கள் கணக்கையே பாருங்கள்: நாளுக்கு 2.5 யூனிட் போகிறது. யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 450 ரூபாய். 78,000 ரூபாய் மானியம் போகக் கைப்பணமும் போட்டு வைத்த பொருளைப் புழுதிக்கு விட்டுவிடலாமா?

ஊருணிக்கரை:
பல்லடத்துக் கணக்கை இங்கே கொண்டு வராதீர்கள் சார். நான் முதுகுளத்தூர்ப் பக்கம் ஆசிரியை. தள்ளுவண்டியில் எட்டுக் குடம் அடுக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பேனலுக்கு ஊற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: உலகம் முழுக்கப் பேனல் கழுவ ஆண்டுக்கு 1,000 கோடி கேலன் வரை செலவாகிறது, அது 20 லட்சம் பேருக்குக் குடிநீர் ஆகும்.

இன்னொன்று, அந்த 2.5 யூனிட்டும் புழுதியால் போகவில்லை. ஆனி, ஆடியில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும், உங்கள் பேனல் தெற்கே பார்க்கிறது. மேகமும் ஓடிக்கொண்டே இருக்கும். சித்திரையோடு ஆடியை ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? ராஜஸ்தானில் பாட்லா சோலார் பூங்காவில் தண்ணீரே இல்லாமல் இயந்திரம் வைத்துத் துடைக்கிறார்கள். இங்கே பக்கத்தில் கமுதி சோலார் நிலையம் 648 மெகாவாட், 25 லட்சம் பேனல், அங்கேயும் இயந்திரம்தான். வீட்டில் நாம் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்கலாமே.

கூரைவிளக்கு:
ஐப்பசி வரைக்குமா? மூன்று மாதம் இருக்கிறது டீச்சர்! சூரியன் வடக்கே போவதை ஒப்புக்கொள்கிறேன், அதற்காக விரலில் வந்த மண் இல்லை என்று ஆகிவிடாது.

ஸ்பேனர்:
ஒன்பது வருடமாகப் பேனல் ஏற்றி இறக்குகிறேன், இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

டீச்சர், அந்த இயந்திரம் தினமும் ஓடுகிறது. நேற்று விழுந்த தூசியை இன்றே மெல்லிய தூரிகையால் தள்ளிவிடுகிறது. மூன்று மாத மண் அப்படி இல்லை. விடியற்காலைப் பனி பட்டு நனைந்து, வெயிலில் காய்ந்து, அப்பிப் போயிருக்கும். கரிசலில் களிமண் அதிகம், சிமெண்ட் மாதிரிப் பிடிக்கும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் மண்ணே உப்புத்தாளாக மாறிக் கண்ணாடிமேல் பூசியிருக்கும் பூச்சைக் கீறிவிடும். கீறினால் கீறியதுதான். தினமும் தட்டிவிட முடிந்தவர்களுக்கு மட்டும் உலர் துடைப்பு சரி.

கூரைவிளக்கு அண்ணே, எத்தனை மணிக்குக் கழுவுகிறீர்கள்? மத்தியானம் கண்ணாடி அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். தண்ணீரும் உடனே ஆவியாகி உப்பு மட்டும் நிற்கும். அருப்புக்கோட்டை அண்ணன் தன் போர்த் தண்ணீரில் வாரா வாரம் கழுவினால் ஒரு வருடத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம்தான். புழுதியாவது மழையில் போகும், இந்த உப்புப் படலம் போகாது.

கூரைவிளக்கு:
காலை ஏழு மணிக்குத்தான் கழுவுகிறேன், அதில் தவறில்லை. எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர், அதனால் உப்புப் பிரச்சினை வந்ததில்லை. அவருக்கு ஒரு வழி: ஆர்.ஓ. மெஷினில் வெளியே போகும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவலாம். டீச்சர் கவலையும் தீரும்.

ஸ்பேனர்:
அதை மட்டும் செய்யாதீர்கள். ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல். வீட்டில் ஏசி இருந்தால் வெளியே சொட்டுகிற தண்ணீரைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் உப்பே கிடையாது. ராத்திரி முழுக்க ஓடினால் சில லிட்டர் கிடைக்கும். ஆறு பேனலுக்கு ஒரு வாளி போதும்: முதலில் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும், பிறகு மெத்தென்ற மாப்பால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். சோப்பு வேண்டாம். சோலார் இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். பேனல்மேல் கால் வைக்காதீர்கள், உள்ளே மின்சாரம் தரும் செல் விரிசல் விடுவது கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் ஈரக் காலோடு தனியாக ஏறவும் கூடாது.

ஊருணிக்கரை:
ஏசி வைத்திருப்பவர்களுக்குச் சரி. எங்கள் தெருவில் பாதி வீட்டில் ஏசி இல்லை. இருந்தாலும் ஒரு வாளி என்றால் என் எதிர்ப்பு குறைகிறது. குழாய் பிடித்து வாராவாரம் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கரிசல்மேடு:
சரி, செய்து பார்த்துவிட்டேன். நான்கு இரவு ஏசித் தண்ணீர் சேர்த்ததில் ஒன்றரை வாளி தேறியது. மூன்று பேனலை மட்டும் துடைத்து வித்தியாசம் பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்பேனர் தம்பி தனிச் செய்தியில் தடுத்தார்: ஆறும் தொடராக இணைந்திருக்கின்றன, அழுக்கான பேனல் மற்றவற்றின் மின்னோட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும், பாதிக் கணக்கு எதையும் காட்டாது என்றார். அதனால் ஆறையும் விடியக்காலை ஆறு மணிக்குத் துடைத்தேன்.

முந்தின நாள் 10.6. துடைத்த அன்று, அதே மாதிரி மேகம் குறைந்த நாள், 11.7. ஆக 13-க்குத் திரும்பவில்லை, டீச்சர் சொன்ன சூரியன் விஷயம் உண்மைதான். ஆனால் புழுதியும் நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் தின்றிருக்கிறது. மண் எல்லாம் கீழ்ச் சட்டத்தோரம் இறங்கி விரற்கடை அகலத்துக்குச் சேறாக நின்றது, அதை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. ஒரு பேனலின் மூலையில் காக்கை எச்சம். ஈரத் துணியைப் போட்டு இரண்டு தடவை ஊறவைத்தும் வட்டம் முழுதாகப் போகவில்லை.

கூரைவிளக்கு:
பார்த்தீர்களா! இனி வாரா வாரம்.

கரிசல்மேடு:
இல்லை அண்ணே, அவ்வளவு தண்ணீர் என்னிடம் சேராது. 11-க்குக் கீழே இறங்கினால் துடைப்பேன். ஆடி முடியும் வரை பத்து நாளுக்கு ஒரு தடவை வரலாம், மழை தொடங்கினால் விட்டுவிடுவேன்.

ஸ்பேனர்:
அந்த எச்சத்தை மட்டும் பத்து நாளுக்கு விடாதீர்கள் அண்ணே. புழுதி பரவலாக மறைக்கும், யூனிட் குறையும், அவ்வளவுதான். எச்சம் ஒரே செல்லை மறைக்கும். அந்தச் செல் மின்சாரம் தராமல் மற்ற செல்கள் தருவதை வாங்கிச் சூடாகும், நாளாக நாளாக அந்த இடம் பழுப்பேறிப் பேனலே வீணாகும். மறைந்த செல்லைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பிவிடப் பின்னால் டயோடு இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் அந்த மூலைக்கு மட்டும் போதும். பேனலுக்கு நேர் மேலே ஏதாவது கம்பி நிற்கிறதா?

கரிசல்மேடு:
ஆமாம் தம்பி, பழைய டிஷ் ஆன்டெனாக் கம்பி. காக்கை அதில்தான் உட்காருகிறது. நாளைக்குக் கழற்றிவிடுகிறேன்.