புகார்த் தரவில் ‘டைம்லி ரெஸ்பான்ஸ்: யெஸ்’ என்று இருந்தால் அது ஒழுங்கான நிறுவனம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

நீலக்குறிஞ்சி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. தரவுப் பகுப்பாய்வு படித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பு புராஜெக்ட்டுக்கு அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம், அதாவது சிஎஃப்பிபி, பொதுவில் வைத்திருக்கும் புகார்த் தரவை எடுத்திருக்கிறேன். வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு, வீட்டுக்கடன், கல்விக்கடன், கடன் வசூல், கிரெடிட் ரிப்போர்ட் (ஒருவரின் கடன் வரலாற்றுப் பதிவு) என்று மக்கள் கொடுத்த புகார்கள் 2011 டிசம்பரிலிருந்து அதில் இருக்கின்றன. எந்த நிறுவனம் புகாருக்கு நன்றாகப் பதில் சொல்கிறது என்று தரவரிசை போடுவதுதான் திட்டம்.

சிக்கல் என்னவென்றால், ‘டைம்லி ரெஸ்பான்ஸ்’ பத்தியில் (அட்டவணையின் செங்குத்து வரிசையில்) ஏறக்குறைய எல்லாமே ‘யெஸ்’. நிறுவனம் என்ன செய்தது என்ற பத்தியில் பெரும்பாலும் ‘குளோஸ்டு வித் எக்ஸ்ப்ளனேஷன்’. ஆனால் புகார் கொடுத்தவர்கள் எழுதியிருப்பதை வாசித்தால் மனசு கனத்துப் போகிறது. ஒருவருடைய வீட்டுக்கடனை வேறு நிறுவனத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், அவர் பழைய இடத்துக்கே தவணையைக் கட்டியிருக்கிறார், புது நிறுவனம் பணம் வரவில்லை என்று அபராதம் போட்டு கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏற்றிவிட்டது, போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், வேறு பதில். அந்தப் புகாருக்கும் கடைசியில் அதே முடிவுதான்: உரிய நேரத்தில் பதில், விளக்கத்துடன் முடிந்தது. அவருக்கு அபராதம் திரும்ப வந்ததா, பதிவு திருத்தப்பட்டதா, ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் ‘கன்ஸ்யூமர் டிஸ்பியூட்டட்’ என்று ஒரு பத்தி. ஓர் இடம் வரை யெஸ், நோ இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. டவுன்லோட் செய்யும்போது கோப்பு ஏதும் கெட்டுவிட்டதா? இதை வைத்து நிறுவனங்களை ஒப்பிட முடியுமா முடியாதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய கோப்பு எழுதியது:

கோப்பு கெடவில்லை. அந்தப் பத்தியைப் பற்றி வேறு யாராவது சரியாகச் சொல்வார்கள். நான் ஒரு கடன் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவன், மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

புகார் பணியகத்தின் போர்ட்டல் வழியாக நிறுவனத்துக்கு வரும். வந்ததிலிருந்து 15 நாளுக்குள் பதில் போட வேண்டும். அதற்குள் முடியாது என்றால் ‘இன் புராக்ரஸ்’ என்று போட்டுவிட்டு 60 நாளுக்குள் இறுதிப் பதில் கொடுக்கலாம். ‘டைம்லி’ என்பது இந்தக் கெடுவை மட்டும்தான் பார்க்கிறது. பதிலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாங்கள் காலையில் வந்ததும் முதலில் திறந்து பார்ப்பது எந்தப் புகாருக்குக் கெடு நெருங்குகிறது என்ற பட்டியலைத்தான், ஏனென்றால் கெடு தப்பினால் மேலே இருப்பவர்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள். பதில் அந்த மனிதருக்குப் பயன்பட்டதா என்று அப்படி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அதனால் அந்தப் பத்தியில் யெஸ் குவிந்து கிடப்பதில் ஆச்சரியமில்லை. நோ என்று இருப்பவற்றை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள், பதிலே போடாத கம்பெனிகள் அங்கே அகப்படும். அந்த ஒரு வேலைக்குத்தான் அந்தப் பத்தி உதவும்.

அடுத்தது முக்கியம். புகார் எப்படி முடிந்தது என்ற வகையை நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது. விளக்கம், பண நிவாரணம், பணமில்லாத நிவாரணம் என்று மூன்றில் ஒன்று. பணியகம் ஒவ்வொரு புகாரையும் விசாரித்துத் தீர்ப்பு எழுதுவதில்லை, அது அனுப்பி வைக்கிறது, பதில் வந்ததா என்று பார்க்கிறது, மொத்தமாக வருவதை வைத்து யாரை ஆய்வு செய்வது, யார் மேல் நடவடிக்கை எடுப்பது என்று முடிவு செய்கிறது.

வகைக்குள் என்ன அடங்கும் என்பதற்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். ஒருவர் ஆட்டோபே வேலை செய்யவில்லை, அதனால் தாமதக் கட்டணம் விழுந்துவிட்டது என்று எழுதுவார். எங்கள் பதிவில் பார்த்தால் அவர் ஆட்டோபே போடவே இல்லை. இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் திருப்பித் தருகிறோம் என்று கடிதம் போகும், சில டாலர்தான், அதுவும் பண நிவாரணம் என்று ஏறும். தப்பு எங்களுடையது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இன்னொரு பக்கம், வேறு யாரோ வாங்கிய கடனுக்காக ஓர் அம்மாவுக்குத் தினமும் வசூல் போன் வருகிறது, ரிப்போர்ட்டிலும் ஏறிவிட்டது, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. அதை நீக்கிக் கொடுத்தால் பணமில்லாத நிவாரணம். அந்த அம்மாவுக்கு இது சில டாலரைவிட எவ்வளவோ பெரிது. பண நிவாரண விகிதத்தை வைத்துத் தரவரிசை போட்டால் முதல் மாதிரி செய்யும் நிறுவனம் மேலே போகும், இரண்டாவது மாதிரி செய்வது கீழே இருக்கும். எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதும் பொதுத் தரவில் கிடையாது.

நீங்கள் சொன்ன வீட்டுக்கடன் விஷயம். கடனைக் கையாளும் நிறுவனம் மாறினால், மாறிய தேதியிலிருந்து 60 நாளுக்கு, பழைய இடத்துக்குக் கெடுவுக்குள் கட்டிய தவணையைத் தாமதம் என்று சொல்லக் கூடாது என்று அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. அவர் எழுதியது அப்படியே உண்மை, அந்த 60 நாளுக்குள் நடந்தது என்றால் அபராதமும் நீங்கியிருக்க வேண்டும், பதிவும் திருந்தியிருக்க வேண்டும். வெறும் விளக்கத்தோடு முடிந்தது என்றால் அந்த விளக்கம் என்ன என்று நானும் கேட்பேன்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

‘டிஸ்பியூட்டட்’ பத்தி 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. நிறுவனத்தின் பதிலை ஏற்கவில்லை என்று புகார்தாரர் சொல்வதற்கு அதுவரை வழி இருந்தது, அதைத்தான் அந்தப் பத்தி காட்டியது. அதற்குப் பிறகு கருத்து கேட்கும் படிவமாக மாற்றிவிட்டார்கள், அந்தக் கருத்து பொதுத் தரவில் வருவதில்லை. என்னைக் கேட்டால் இந்தத் தரவுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுதான். முடிவைப் பற்றி மற்ற பத்தி எல்லாம் நிறுவனம் சொல்வது, இது ஒன்றுதான் புகார் கொடுத்தவர் சொன்னது. அதனால் 2017க்கு முன்னால் உள்ளதை மட்டும் தனியாக எடுத்து, விளக்கத்தோடு முடிந்தவற்றில் எத்தனை பேர் ஏற்கவில்லை என்று நிறுவன வாரியாகப் பாருங்கள். பழைய தரவுதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அதில்தான் நேரான பதில் இருக்கிறது.

அதே 2017 ஏப்ரலில் புகார்ப் படிவத்தையும் மாற்றினார்கள், பிரிவுகளின் பெயர்கள் மாறின, 2023ல் மறுபடியும் மாறின. கிரெடிட் ரிப்போர்ட் புகார்கள் மட்டும் மூன்று வெவ்வேறு பெயரில் இருக்கும். சேர்க்காமல் வரைபடம் போட்டால் ஒரு பிரிவு திடீரென்று செத்துப்போன மாதிரியும் இன்னொன்று திடீரென்று முளைத்த மாதிரியும் தெரியும்.

தரவரிசைக்கு முன்னால் வகுக்கும் எண் எது என்று யோசியுங்கள். கோடிக்கணக்கில் வாடிக்கையாளர் உள்ள வங்கிக்குப் புகார் அதிகம் வரத்தான் செய்யும், எண்ணிக்கையை அப்படியே அடுக்கினால் பெரிய நிறுவனங்களின் பட்டியல்தான் கிடைக்கும். சொத்து 1,000 கோடி டாலருக்குக் கீழே உள்ள வங்கிகள் மீதான புகார்கள் வேறு கண்காணிப்பு அமைப்புகளுக்குப் போய்விடும், இந்தத் தரவில் வராது. ஆகவே சின்ன வங்கிகளில் புகாரே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். எழுத்து வடிவில் உள்ள புகாரும் கொடுத்தவர் சம்மதித்தால்தான் வெளியாகும், அதுவும் 2015லிருந்துதான்.


மதியவெயில் எழுதியது:

நான் இதில் புகார் கொடுத்தவள். மோசடிச் சந்தேகம் என்று ஒரு வங்கி என் கணக்கை முடக்கிவிட்டது. சம்பளம் முழுக்க அதற்குள். கிளையில் கேட்டால் தலைமையகம், தலைமையகத்துக்கு போன் செய்தால் கிளையில் அடையாள அட்டையைக் காட்டுங்கள், காட்டியாயிற்று என்றால் இன்னும் சிஸ்டத்தில் வரவில்லை. வேறு வழியில்லாமல் பணியகத்தில் புகார் பதிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் அதே வங்கியில் பெயர் சொல்லி, நேரடி எண் கொடுத்துப் பேசும் ஓர் ஆள் வந்தார். பணம் வந்துவிட்டது.

என் புகார் எந்த வகையில் முடிந்திருக்கிறது தெரியுமா? விளக்கத்தோடு. என் பணத்தை எனக்கே திறந்துவிட்டதை அவர்கள் நிவாரணமாக எண்ணவில்லை. எனக்கோ அந்த மாத வாடகையே அதில்தான் இருந்தது. நான் எழுதியதை வெளியிடச் சம்மதிக்கவும் இல்லை, அதனால் உங்கள் கோப்பில் நான் ஒரு வெற்றுப் பதிவாக இருப்பேன். அதனால் ‘விளக்கம்’ என்றாலே ஏமாற்றிவிட்டார்கள் என்றும் எழுத வேண்டாம். அதற்குள் என்னைப் போல வேலை நடந்தவர்களும் இருக்கிறார்கள், கைவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். தேதி, தொகை, யாரிடம் பேசினேன், எனக்கு என்ன வேண்டும், இந்த நான்கையும் எழுதியதால்தான் பதில் என் கேள்விக்குப் பொருந்தி வந்தது. கோபம் நியாயமானதுதான், ஆனால் கோபத்தை மட்டும் எழுதினால் பொதுவான கடிதம்தான் திரும்ப வரும்.


நீலக்குறிஞ்சி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மதியவெயில் அக்கா, உங்கள் அனுபவத்தைப் படித்த பிறகு அந்த வகைகளை எண்ணவே தயக்கமாக இருக்கிறது. விளக்கத்துக்குள் இரண்டும் இருக்கிறது, பண நிவாரணத்துக்குள் நல்லெண்ணமும் இருக்கிறது, அப்படியானால் நிறுவனத்தின் பதில் பத்தியை வைத்து எதுவுமே சொல்ல முடியாதா?


கணக்குப்பிள்ளை எழுதியது:

முடியும். ஒரு நிறுவனத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதைவிட, அதே நிறுவனத்தை அதன் பழைய வருடங்களோடு ஒப்பிடுங்கள். இதற்கு நல்ல உதாரணம் பணியகமே 2022 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை. கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களான ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் சேர்ந்து, சட்டப்படி அவை பரிசீலிக்க வேண்டிய புகார்களில், 2019ல் ஏறக்குறைய 25 சதவீதத்துக்கு நிவாரணம் கொடுத்ததாகச் சொல்லியிருந்தன. 2021ல் அது 2 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. மக்களின் கிரெடிட் ரிப்போர்ட்டில் உள்ள தப்பெல்லாம் இரண்டு வருடத்தில் மறைந்துவிடவா போகிறது? மாறியது பதில் சொல்லும் முறை. வகைகள் எவ்வளவு தெளிவில்லாமல் இருந்தாலும், திடீரென்று இப்படி ஓர் இறக்கம் வந்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தரவில் கண்ணில் படுவது அந்த மாதிரி முறிவுகள்தான்.


பழைய கோப்பு எழுதியது:

அந்த அறிக்கை சரி. ஆனால் அந்த நிறுவனங்களின் வாதத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். புகார்களில் பல, வாடிக்கையாளர் பெயரில் கிரெடிட் ரிப்பேர் கம்பெனிகள், அதாவது காசு வாங்கிக்கொண்டு ரிப்போர்ட்டைச் சரிசெய்து தருவதாகச் சொல்பவர்கள், அனுப்புபவை, அதனால் அப்படித் தோன்றுவதற்கு நாங்கள் தனியாகப் பதில் சொல்வதில்லை என்பது அவர்கள் நிலை. வார்த்தைக்கு வார்த்தை ஒரே மாதிரி உள்ள புகார்களை நானும் எங்கள் பிரிவில் பார்த்திருக்கிறேன், அது பொய்யில்லை. எனக்கு உடன்பாடு இல்லாதது அடுத்த படி. இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தை நகல் எடுத்து நிஜமான ஆளே அனுப்பியிருக்கலாம், ஆங்கிலம் சரளமாக வராதவர் வேறு என்ன செய்வார்? ஊகத்தை வைத்து அவரையும் சேர்த்துத் தள்ளிவிடுவது நியாயமில்லை. பணியகமும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டது.

நீலக்குறிஞ்சி, ஒரே எழுத்தில் உள்ள புகார்களைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கும் மற்றவற்றுக்கும் முடிவு வேறுபடுகிறதா என்று பாருங்கள். அது வெறும் தரவரிசையைவிட உருப்படியான புராஜெக்ட்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

அதைச் செய்யும்போது ஒரு விஷயம். வெளியிடும் முன் பெயர், கணக்கு எண், தேதி எல்லாவற்றையும் எக்ஸ் எழுத்துகளால் மறைத்துவிடுவார்கள், அவற்றை முதலில் நீக்குங்கள். இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத புகார்கள்கூட எக்ஸ் அதிகம் இருப்பதால் ஒத்துப்போவதாகக் காட்டும். பணத் தொகைகளை மறைப்பதில்லை, நெளிந்த அடைப்புக்குள் டாலர் குறியோடு வைத்திருப்பார்கள், ஒரு சின்ன ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் கட்டளை) போட்டாலே எல்லாம் தனியாக வந்துவிடும். நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்று தெரியாவிட்டாலும் மக்கள் எவ்வளவு பணத்துக்காக எழுதினார்கள் என்பது அதில் இருக்கிறது. சின்னத் தொகைக்கும் பெரிய தொகைக்கும் முடிவு எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே போடுங்கள், நானும் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.