பி.சி.ஜி. ஊசி போட்ட இடத்தில் சீழ், புதன்கிழமை அடுத்த ஊசி போடலாமா?

தளிர் அம்மா:
மகனுக்கு ஒன்றரை மாதம். பிறந்த மறுநாள் இடது தோளில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டார்கள், அப்போது ஒன்றுமே தெரியவில்லை. போன வாரம் சிவந்து தடித்தது, இப்போது உளுந்து அளவுக்கு மஞ்சளாகச் சீழ் கோத்து நிற்கிறது. காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறான். அத்தை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போடலாம் என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா பிதுக்கிவிடச் சொல்கிறார். 45ஆம் நாள் ஊசி வேறு இருக்கிறது, தள்ளிப் போடட்டுமா?

செவிலியர் அக்கா:
பிதுக்கவே பிதுக்காதீர்கள் அம்மா, பற்றும் வேண்டாம். அந்த ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி, தோலுக்குள் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால்தான் இத்தனை வாரம் கழித்துக் கொப்புளம் வருகிறது. தானே உடையும், பொருக்குக் கட்டும், இரண்டு மூன்று மாதத்துக்குள் தழும்பாகிவிடும். களிம்பு, ஆன்டிபயாடிக் எதுவும் தேவையில்லை. கசிந்தால் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், குளிப்பாட்டலாம். 45ஆம் நாள் ஊசியைத் தள்ள வேண்டாம், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியைத் தொடையில்தான் போடுவார்கள், போலியோ ஊசி வலது தோளில்.

குமரன்:
என் மகளுக்குத் தழும்பே வரவில்லை, மறுபடி போட வேண்டுமா?

செவிலியர் அக்கா:
வேண்டாம் தம்பி. தழும்பு இல்லை என்பதற்காக மறுபடி போடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது.

நெல்லை மீனா:
ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள், இடது அக்குள். என் பெண்ணுக்குக் குளிப்பாட்டும்போது அங்கே நெறி கட்டியிருந்தது கையில் தட்டுப்பட்டது, சும்மா சின்னதாக இருந்தால் தானே வற்றிவிடும் என்றார் டாக்டர், ஆனால் அவளுக்குப் பெரிதாகி மேல்தோல் சிவந்து கொழகொழவென்று ஆனதால் ஊசி வைத்துச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். ஆறிவிட்டது. வீட்டில் யாரும் கீறிவிட விடாதீர்கள்.

தளிர் அம்மா:
இப்போதே தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. காய்ச்சல் மருந்தை ஊசிக்கு முன்பே கொடுக்கலாமா?

செவிலியர் அக்கா:
முன்பே வேண்டாம், காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால் போதும். தொடை வீங்கினால் குளிர்ந்த நீரில் நனைத்த துணி வையுங்கள், தேய்க்காதீர்கள், உள்ளே கட்டி மாதிரி சில வாரம் இருந்தாலும் கரையும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் சுகாதார நிலையத்திலேயே இருங்கள், உடம்பெல்லாம் திடீரென்று தடித்தாலோ மூச்சு இரைத்தாலோ முகம் வீங்கினாலோ உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.