ஈ211, ஈ102, ஈ951... எதுக்கு பயப்படணும், எதுக்கு வேண்டாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

தூக்கம்_போன_அம்மா:
பாக்கெட்ட ஸ்கேன் பண்ணா உள்ள இருக்குற அடிட்டிவ் எல்லாத்துக்கும் பச்ச, மஞ்ச, சிவப்புன்னு காட்டுற ஒரு ஆப் போட்டேன், அன்னிலேர்ந்து நிம்மதி போச்சு. பையனுக்கு ஆறு வயசு, 20 கிலோ. அவன் குடிக்குற ஜூஸ்ல ஈ211 சிவப்பு, மிட்டாய்ல ஈ102 சிவப்பு, நாங்க வாங்குற டயட் கோலால ஈ951 சிவப்பு, அதுக்கு கீழ கேன்சர்னு வேற எழுதிருக்கு. ஈ300ன்னு பாத்து பயந்து தேடினா அது வெறும் வைட்டமின் சி! வீட்டுக்காரர் என்னடான்னா அனுமதி இல்லாமலா விக்கிறான்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. இத எப்படித்தான் முடிவு பண்றாங்க? ‘எல்லாமே விஷம்’னு மட்டும் வந்து எழுதாதீங்க ப்ளீஸ், அதுக்கு அந்த ஆப்பே போதும்.

லேப்வாசி:
உணவு டெஸ்டிங் லேப்ல ரொம்ப வருஷமா இருக்கேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அந்த ஆப் உங்க பையன் எத்தன கிலோ, ஒரு நாளைக்கு எவ்ளோ குடிக்கிறான்னு கேட்டுச்சா? கேக்கல இல்ல. அளவு தெரியாம ஆபத்துன்னு எப்படி சொல்லும்?

கணக்கு இதான். எலிக்கு வேற வேற அளவுல நாள்கணக்கா, சிலதுக்கு ஆயுசு பூரா குடுத்துப் பாப்பாங்க. எந்த அளவு வரைக்கும் ஒரு கெடுதலும் தெரியலையோ அத பெரும்பாலும் 100ஆல வகுப்பாங்க, எலிக்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு 10, ஆளுக்கு ஆள் உடம்பு மாறுறதுக்கு இன்னொரு 10. வர்றதுக்குப் பேரு ஏடிஐ, தினமும் வாழ்நாள் பூரா சாப்பிட்டாலும் பிரச்சன இருக்காதுங்குற அளவு. ஈ951, அதாவது சர்க்கரைக்கு பதிலா போடுற அஸ்பார்டேமுக்கு எலில கிலோவுக்கு 4000 மி.கி., நமக்கு 40. உங்க பையனுக்கு 800 மி.கி. ஒரு கேன்ல 200லேர்ந்து 300 இருக்கும்னா மூணு நாலு கேன்லயே தொட்டுடுவான், 70 கிலோ ஆளுக்கு 9 கேனுக்கு மேல ஆகும். சின்னப் பசங்க விஷயத்துல கவனமா இருக்கச் சொல்றது இதுக்குத்தான்.

கேன்சர்னு போட்டது 2023 நியூஸ். உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு ஐஏஆர்சி அஸ்பார்டேம 2பி லிஸ்ட்ல, அதாவது ‘கேன்சர் வரவைக்க வாய்ப்பிருக்கலாம்’ங்குற லிஸ்ட்ல சேத்துச்சு, அதே நாள் அடிட்டிவ்க்கு அளவு சொல்ற சர்வதேச நிபுணர் குழு ஜெக்ஃபா அந்த 40 அப்படியே இருக்கட்டும்னுச்சு. ரெண்டும் மோதிக்கலீங்க. கேன்சர் வரவைக்குற குணம் இருக்குங்குறதுக்கு ஆதாரம் எவ்ளோ பலம்னு பாக்குறது முதல் ஆளோட வேல, எவ்ளோ சாப்பிட்டா ஆபத்துன்னு பாக்குறது ரெண்டாவது ஆளோட வேல. பீகேயூன்னு பிறவிக் கோளாறு இருக்குறவங்க மட்டும் அத தொடவே கூடாது, லேபிள்லயே எழுதிருப்பான்.

உங்க லிஸ்ட்ல எனக்கு உறுத்துறது ஈ211 தான், சோடியம் பென்சோவேட், கெட்டுப்போகாம இருக்க போடுறது. ஐரோப்பாவுல ஏடிஐ கிலோவுக்கு 5 மி.கி., அப்ப பையனுக்கு 100 மி.கி. அங்க கூல்ட்ரிங்க்ஸ்ல லிட்டருக்கு 150 வரைக்கும் போடலாம், முழுசா போட்டிருந்தா முக்கா லிட்டர் குடிக்கறதுக்குள்ள கோட்டா காலி. ஆனா ஜெக்ஃபா 2021ல அந்த 5அ 20ஆ ஏத்திடுச்சு. அதோட, கோட்ட ஒரு நாள் தாண்டினா மயங்கி விழுவான்னு இல்ல, அது தினசரி பழக்கத்துக்கான கோடு. வைட்டமின் சியும் பென்சோவேட்டும் சேந்து இருக்குற பாட்டில வெயில்ல மட்டும் வைக்காதீங்க, சூட்டுல கேன்சர் வரவைக்குற பென்சீன் கொஞ்சம் உருவாகும்.

சந்தேகப்பிராணி:
லேப்வாசி சார் அழகா சொன்னாரு, ஆனா இந்தக் கணக்கு எல்லாம் ஒவ்வொன்னா தனித்தனியா போட்ட கணக்கு சார், நாம ஒரே நாள்ல பத்து இருவது சேத்து முழுங்குறோம். வெள்ள நிறத்துக்கு போடுற டைட்டானியம் டை ஆக்சைட பாருங்க, 2016ல கவலப்பட ஒன்னுமில்லன்னு சொன்ன அதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2021ல இனி பாதுகாப்புன்னு சொல்ல முடியாதுன்னுச்சு, 2022ல அங்க தடை. அமெரிக்காவுல ரெட் 3 சாயத்த 1990லயே காஸ்மெடிக்ஸ்ல நிறுத்திட்டு சாப்பாட்டுல தடை உத்தரவு போடுறதுக்கு 2025 ஆச்சு. லிப்ஸ்டிக்ல ஆகாது, வாய்க்குள்ள போனா ஆகுமாம்!

லேப்வாசி:
சேந்து சாப்பிடுறது பத்தி நீங்க சொல்றது சரி, அங்க ஓட்ட இருக்கு, நான் மறுக்கல. டைட்டானியம்ல ஜெக்ஃபா 2023ல வேற முடிவுக்கு வந்துச்சு, டிஎன்ஏவ பாதிக்குமான்னு சந்தேகம் தீரலன்னா ஒருத்தர் நிறுத்துவாரு, இன்னொருத்தர் ஆதாரம் பத்தலம்பாரு. ரெட் 3 கத வேற. விலங்குக்கு கேன்சர் வந்தாலே அளவு பாக்காம தடுக்கணும்னு அங்க ஒரு பழைய சட்டம். ஆண் எலிக்கு வந்த வழி மனுஷ உடம்புல கெடையாதுன்னு அமெரிக்க உணவு, மருந்து அமைப்பு எஃப்டிஏவே சொல்லிட்டுத்தான் அனுமதிய எடுத்துச்சு. 35 வருஷம் இழுத்ததுக்கு என்கிட்ட சாக்கு இல்ல சார்.

வீசிங்_பார்ட்டி:
அக்கா, எனக்கு ஆஸ்துமா. உலர்ந்த பழம், ஒயின்ல எல்லாம் போடுற சல்ஃபைட், ஈ220லேர்ந்து ஈ228 வரைக்கும், எனக்கு ஏடிஐ கணக்குக்குள்ள இருந்தாலே நெஞ்சு அடைக்கும். பையனுக்கு வீசிங் இருந்தா அத பாருங்க.

தூக்கம்_போன_அம்மா:
வீசிங் இல்லப்பா, நன்றி. அந்த மிட்டாய் கலர் ஈ102 என்னன்னு யாருமே சொல்லலையே?

லேப்வாசி:
விட்டுட்டேன், சாரி. டார்ட்ரசின், மஞ்ச சாயம். 2007ல இங்கிலாந்து சவுத்தாம்ப்டன்ல இதையும் சேத்து ஆறு சாயத்துல சிலத பென்சோவேட்டோட கலந்து 3 வயசு, 8-9 வயசு பசங்களுக்கு குடுத்துப் பாத்தாங்க, சில பசங்களுக்கு துறுதுறுப்பு கொஞ்சம் கூடிச்சு. எந்த சாயத்தாலன்னு பிரிக்க முடியல, ஆனாலும் 2010லேர்ந்து ஐரோப்பாவுல அந்த ஆறு சாயத்துக்கும் எச்சரிக்க வாசகம் கட்டாயம்.

நான் பாக்குறது வேற மாதிரி. இது என்ன வேல செய்யுதுன்னு கேப்பேன். பதப்படுத்துன கறில போடுற நைட்ரைட்டால கேன்சரோட தொடர்புள்ள நைட்ரோசமைன் வரும், அது கெட்டதுதான், ஆனா எடுத்துட்டா பாட்டுலிசம் கிருமி வளரலாம், அது ஆளையே தூக்கிடும். அங்க ரெண்டு பக்கமும் நிறுத்துப் பாக்கணும். மிட்டாய்க்கு மஞ்ச கலர் இல்லன்னா யாருக்கு என்ன நஷ்டம்? அதான் என் வீட்ல கலர் மிட்டாய் வாங்குறதில்ல.

தூக்கம்_போன_அம்மா:
ஐயோ இப்பத்தான் இருமல் சிரப்ப திருப்பிப் பாத்தேன், அதுலயும் ஈ211 போட்டிருக்கு??

லேப்வாசி:
அதுலயும் அதே வேலதான், தொறந்தப்புறம் பூஞ்ச புடிக்காம இருக்கத்தான். ஒரு ஸ்பூன் 5 மி.லி. தான், ஜூஸ் மாதிரி கிளாஸ் கணக்குல குடிக்கிறதில்ல. டாக்டர் குடுத்த சிரப்ப நிறுத்திட்டு ஜூஸ குடுத்துடாதீங்க 😄