புதுப்பிப்பு: கண்ணசைவு சிகிச்சைக்குப் போய்விட்டேன்

ஐந்து வருடம் வார்த்தையாலேயே குத்தியவரை விட்டு வந்த பிறகும் கதவில் சாவி திருகும் சத்தம் கேட்டால் வயிறு கலங்குகிறது, மோசமான நினைவைக் கண்ணசைவோடு சேர்த்துத் தணிக்கும் இஎம்டிஆர் என்ற மனநல சிகிச்சைக்குப் போகலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேனே, போய்விட்டேன். முதல் மூன்று அமர்வில் வெறும் பேச்சும் மனதை நிதானப்படுத்தும் பயிற்சியும்தான், எனக்கு எரிச்சல்கூட வந்தது. அப்புறம்தான், "உனக்கு என்ன தெரியும்" என்று அவர் சிரித்த அந்த இரவை மனதில் வைத்துக்கொண்டு தெரபிஸ்ட்டின் இரண்டு விரலையும் இடமும் வலமுமாகக் கண்ணால் பின்தொடர்ந்தேன், அரை நிமிடம், நிறுத்தம், "இப்போது என்ன வருகிறது?", மறுபடி. வேதனை 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்பார்கள். 9-இல் தொடங்கினேன், இப்போது 4.

1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ தொடங்கிய முறை. பிடிஎஸ்டிக்கு (கொடுமையான அனுபவத்துக்குப் பிறகும் விடாமல் துரத்தும் மன உளைச்சல் நோய்) உலக சுகாதார நிறுவனமே 2013-இல் பரிந்துரைத்தது. கண்ணசைவுதான் குணப்படுத்துகிறதா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. எனக்கென்ன, தூக்கம் வருகிறது. அமர்வு நடந்த அன்று மட்டும் கனவு மோசம், முடிந்தால் மறுநாள் லீவு போட்டுவிடுங்கள்.