32-வது செகண்டில் கட் ஆன கால்: பிபிஎக்ஸ் (ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச்) சர்வரில் உங்களுக்குக் கைகொடுத்த கமாண்ட் எது?

வாளையாறு அட்மின்
கஞ்சிக்கோடு ஃபேக்டரி. சர்வர்ல ஓடுறது ஆஸ்டரிஸ்க்ங்கிற பிபிஎக்ஸ் சாஃப்ட்வேர். வெளி லைனுக்கு பிஜேசிப் ட்ரங்க், அதாவது போன் கம்பெனியோட சேர்க்கிற சிப் இணைப்பு (சிப்னா நெட்வொர்க் வழியாக் காலைத் தொடங்கி முடிக்கிற நெறிமுறை). வெளியிலிருந்து வர்ற கால் எல்லாம் சரியா 32 செகண்டில் கட். ரெண்டு பக்கமும் பேச்சு தெளிவாக் கேட்குது, ரிஜிஸ்ட்ரேஷனும் சரியா இருக்கு. அதனால ட்ரங்க் மேல யாருக்கும் சந்தேகமே வரல. போனை மாத்து, சுவிட்சை மாத்துன்னு ஓடிட்டு இருந்தாங்க.

எஸ்என்ஜிரெப் (சிப் மெசேஜைக் கால்வாரியாக் காட்டுற டூல்) ஓட்டி அந்தக் காலைத் திறந்ததும் விஷயம் கண்ணுல பட்டுது. நம்ம சர்வர் 200 ஓகே (காலை எடுத்தாச்சுங்கிற பதில்) அனுப்புது, அதுக்கு எதிர்முனையோட ஏசிகே (கிடைச்சதுங்கிற ஒப்புதல்) வரல. அரை செகண்ட், ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு இடைவெளி விட்டு அதே 200 ஓகே திரும்பத் திரும்பப் போகுது. கடைசியில நம்ம சர்வரே பை (காலை முடிக்கிற மெசேஜ்) அனுப்பிக் காலை வெட்டுது. சிப்ல டி1-ங்கிற அடிப்படை டைமர் 500 மில்லிசெகண்ட், அதை 64-ஆல் பெருக்கினா 32 செகண்ட். அந்த எண்ணைப் பார்த்தாலே ஏசிகே தொலைஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாம்.

200 ஓகே மேல என்டர் தட்டி காண்டாக்ட் வரியைப் பாருங்க, அடுத்த மெசேஜை எந்த முகவரிக்கு அனுப்பணும்னு எதிர்முனைக்குச் சொல்றது அதுதான். ஃபைபர் கனெக்ஷன் மாறி ஸ்டாட்டிக் ஐபி மாறியிருக்கு, காண்டாக்ட்ல பழைய ஐபியே நிக்குது. எதிர்முனை ஏசிகேயை அந்தப் பழைய முகவரிக்கே அனுப்பிட்டு இருக்கு. பிஜேசிப் கான்ஃபிக்ல ட்ரான்ஸ்போர்ட் பகுதியில எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ், எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ் ரெண்டையும் புது ஐபிக்கு மாத்தணும், லோக்கல் நெட் (உள் நெட்வொர்க் முகவரி வரம்பு) சரியா இருக்கான்னும் பார்க்கணும்.

இங்கதான் பலர் மாட்டுறாங்க: ட்ரான்ஸ்போர்ட் மாற்றத்தை வெறும் ரீலோட் பொதுவா எடுத்துக்காது, ரீஸ்டார்ட் வேணும். 'கோர் ரீஸ்டார்ட் வென் கன்வீனியன்ட்' போட்டா, புதுக் காலையும் எடுத்துக்கிட்டே, லைன் முழுசாக் காலியான நேரம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகும். 'நவ்' போட்டா பேசிட்டு இருக்கிற அத்தனை பேரும் கட்.

குமுளி கம்பம் ரோடு
அண்ணே, எங்க பக்கம் ஏலக்காய் கம்பெனி ஒண்ணுல வேற கதை. கால் போகுது, வருது. வாய்ஸ்மெயில் மட்டும் பதிவாகல, கால் ரிப்போர்ட்டும் காலி. டிஸ்க் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு டிஎஃப் -எச் போட்டுப் பார்த்தா 100 சதவீதம். யாரோ ஏற்கெனவே 'ஃபுல்'ங்கிற ஆஸ்டரிஸ்க் லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழிச்சிருக்காங்க, ஆனா இடம் திரும்பி வரல. அழிச்சும் திறந்தே இருக்கிற ஃபைலைக் காட்டுற எல்எஸ்ஓஎஃப் +எல்1 (கேப்பிடல் எல்) போட்டா, அழிச்ச ஃபைலை ஆஸ்டரிஸ்க் இன்னும் திறந்தே வச்சிருக்கு. ஆஸ்டரிஸ்க்ல 'லாகர் ரொட்டேட்' (புது லாக் ஃபைலுக்கு மாறுறது) கொடுத்ததும் பிடியை விட்டுது, இடம் வந்துது.

டிஸ்க் நிறைஞ்ச மீதிக்குக் காரணம் கால் ரெக்கார்டிங். சாதா வேவ் ஃபார்மட் மணிக்கு 57.6 எம்பி தின்னும். வேவ்49-க்கு (சுருக்கின ஃபார்மட்) மாத்தினா 6 எம்பிக்குள்ள அடங்கும். குரல் கொஞ்சம் மங்கும், ஆர்டரைச் சரிபார்க்க அது போதும்.

கொழிஞ்சாம்பாறை
வாளையாறு அண்ணா சொன்னதுல ஒரு இடத்துல நான் ஒத்துப்போக மாட்டேனுங்க. சர்வர்ல எடுத்த எஸ்என்ஜிரெப் மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. ரூட்டர்ல சிப் ஏஎல்ஜி (சிப் மெசேஜுக்குள்ள இருக்கிற முகவரியை மாத்துற வசதி) ஆன்ல இருந்தா, சர்வரை விட்டுப் பாக்கெட் வெளியே போன பிறகுதான் காண்டாக்டை அது மாத்தும். சர்வர் கேப்சர்ல (அங்க பிடிச்ச பாக்கெட் பதிவுல) காண்டாக்ட் சுத்தமாத் தெரியும், கால் மட்டும் அறுந்துக்கிட்டே இருக்கும். ரூட்டருக்கு அந்தப் பக்கத்து கேப்சரையும் வாங்கி ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எந்த ஊர் ரூட்டரா இருந்தாலும் ஏஎல்ஜியை முதல்ல ஆஃப் பண்ணுங்க.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ட்ரங்க்கை டிஎல்எஸ்ஸுக்கு (மறையாக்கம் பண்ணின இணைப்பு) மாத்தினா ஏஎல்ஜி தொல்லை போயிரும், ஆனா எஸ்என்ஜிரெப்புக்கும் ஒண்ணும் தெரியாது. அப்போ 'பிஜேசிப் செட் லாகர் ஆன்' போடுங்க. மறையாக்கம் அவிழ்ந்த மெசேஜை ஆஸ்டரிஸ்க்கே காட்டும். வேலை முடிஞ்சதும் மறக்காம ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா குமுளிக்காரர் சொன்ன டிஸ்க் நிலைமைதான். எப்பவாவது வர்ற கோளாறுக்கு டிசிபிடம்ப்பை (பாக்கெட்டை ஃபைல்ல பிடிக்கிற டூல்) -சி 50 -டபிள்யூ 10 (ரெண்டும் கேப்பிடல் எழுத்து) வச்சு, லாக்அவுட் ஆனாலும் ஓடிட்டே இருக்கிற டிமக்ஸுக்குள்ள ஓட விடுங்க. 50 எம்பி ஃபைல் பத்தே பத்து. நிறைஞ்சா பழசு மேலயே எழுதும், 500 எம்பியைத் தாண்டாது. புகார் வந்ததும் அந்த ஃபைலை எஸ்என்ஜிரெப்ல '-ஐ' (கேப்பிடல் எழுத்து) ஆப்ஷன் கொடுத்துத் திறக்கலாம். போர்ட் 5060 மட்டும் பிடிச்சா சிக்னலிங் (சிப் மெசேஜ்) மட்டும்தான் கிடைக்கும். பேச்சுல குறைன்னா குரல் போற 10000 முதல் 20000 வரை யுடிபி போர்ட்டையும் சேர்த்துப் பிடிங்க, ஜி.711 (குரல் கோடெக்) கால் ஒண்ணு ஒவ்வொரு திசையிலயும் செகண்டுக்கு 50 பாக்கெட், அதுக்கேத்த மாதிரி ஃபைல் அளவைக் கூட்டிக்கோங்க.

வாளையாறு அட்மின்
ஏஎல்ஜி பத்திச் சொன்னது சரிதானுங்க. ஆனா இங்க சர்வரை விட்டுக் கிளம்பும்போதே காண்டாக்ட்ல பழைய ஐபி இருந்துது. அந்த நிலையில ரூட்டரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

நகரி விசைத்தறி
எங்க ஆபீஸ்ல எல்லா போனும் ஒரே நேரத்துல செத்துச்சு சார். சர்வர் வெளியே இருக்கு, ஆபீஸ் மொத்தத்துக்கும் ஒரே பப்ளிக் ஐபி. ஒரு போன்ல பழைய பாஸ்வேர்ட். அது விடாம ரிஜிஸ்டர் கேட்டுக் கேட்டு, தப்பு பாஸ்வேர்ட் போட்டுட்டே இருக்கிற ஐபியைத் தடுக்கிற ஃபெயில்2பேன் மொத்த ஐபியையும் தடுத்துட்டுது. 'ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ்' போட்டா ஜெயில் (எதைப் பார்த்துத் தடுக்கணும்ங்கிற விதித் தொகுப்பு) பேர்கள் வரும். ஜெயில் பேரைச் சேர்த்துத் திரும்பப் போட்டா தடுத்த ஐபி பட்டியல் தெரியும். தடையை எடுக்க 'ஃபெயில்2பேன்-கிளையன்ட்' பின்னாலயே 'செட்', ஜெயில் பேர், 'அன்பேன்ஐபி', ஐபி. அவ்வளவுதான், போனெல்லாம் ஒண்ணொண்ணா வந்துடும். அந்த ஒரு போனோட பாஸ்வேர்டையும் கையோட திருத்துங்க, விட்டா மறுபடி பூட்டிடும். ஆபீஸ் ஐபியை இக்னோர்ஐபி (தடுக்கவே கூடாத ஐபி) வரியில சேர்க்கிறது அதுக்கப்புறம்.