புதுப்பிப்பு: மின்சார கார் எரிபொருள் செலவை நிஜமாகவே குறைக்கிறதா?

முன்பு இதைக் கேட்டபோது, திரையில் காட்டும் யூனிட்டை மட்டும் நம்பாதே, சுவரில் உள்ள மீட்டரைப் பார் என்று பலர் சொன்னீர்கள். பார்த்தேன், நியாயமான பேச்சு. கார் திரை 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்றால் மீட்டரில் 18 ஓடியிருக்கிறது, ஏனென்றால் சார்ஜ் ஏறும்போதே கொஞ்சம் சூடாகி வீணாகிறது, அந்தக் காசையும் நாம்தான் கட்டுகிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். அதே தூரத்துக்கு 6 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் காரோடு ஒப்பிட்டால், ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டர் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும்வரை மின்சாரம்தான் லாபம். வீட்டில் சார்ஜ் போடுபவர்களுக்குப் பெரும்பாலும் இது சுலபமாகக் கைகூடும். வெளியே வேக சார்ஜரையே நம்பி இருப்பவர்கள் வாங்கும் முன் இதைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும், அங்கே யூனிட் விலை வீட்டைவிடப் பல மடங்கு போகலாம், அப்போது மிச்சம் என்று பெரிதாக எதுவும் கையில் நிற்காது.

நெரிசலில் நின்று நின்று போகிறவர்களுக்கு இன்னும் நல்லது, பிரேக் போடும்போது ஒரு பகுதி மின்சாரம் பேட்டரிக்கே திரும்புகிறது. நெடுஞ்சாலை வேகத்திலும் கடுங்குளிரிலும் யூனிட் கூடும்.

அப்புறம், காப்பீடும் டயரும் தனிக் கணக்கு, அதை இதில் சேர்க்கவில்லை.