மறு: மறு: கைப்புத்தகத்துக்கு ஆளுக்கு 25 டாலர்

> வெள்ளிக்கிழமைக்குள் பணம் வந்துவிட்டால் திருவாரூர்த் தியாகராஜர் கோயில் கைப்புத்தகம் அச்சுக்குப் போய்விடும். படி இணைப்பில்.

மேலவீதி அண்ணாவுக்கு வணக்கம். பணம் தருகிறேன். ஆனால் இந்தப் படியை இப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சித்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, தேவாசிரிய மண்டபத்து விதான ஓவியத்தைக் காட்டி "இது அனுமார்" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார். அதே தப்பு நம் படியில் 4-ஆம் பக்கத்தில் இருக்கிறது. அது முசுகுந்தச் சக்கரவர்த்தி. முகம் குரங்கு, தலையில் ராஜ கிரீடம். காட்சிகளுக்குக் கீழேயே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறது. வரைந்த ஓவியர் சிங்காதனத்தின் பெயரும் அங்கேயே உண்டு. 17-ஆம் நூற்றாண்டு வேலை. குழந்தைகளை ஒரு வரியாவது எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் மறக்கவே மாட்டார்கள்.

கதையையும் முழுசாகப் போடுங்கள். அசுரனோடு நடந்த போரில் உதவியதற்காக, இந்திரன் பூசித்த தியாகராஜர் திருமேனியைக் கேட்டார் முசுகுந்தன். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே போல ஆறு திருமேனி செய்து கூட வைத்தான். முசுகுந்தன் அசலைச் சரியாகக் காட்டிவிட்டார், ஏழும் அவருக்கே வந்தன. ஆரூர், நள்ளாறு, நாகை, திருக்காறவாசல், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம், அவை இருக்கும் இந்த ஏழு ஊரும் சப்த விடங்கத் தலங்கள். படியில் திருக்குவளை விடுபட்டிருக்கிறது. ஒரே காலையில் ஏழும் பார்க்கலாம் என்று எழுதியிருப்பதையும் எடுத்துவிடுங்கள். நடுப்பகலில் நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். காலையில் ஆரூர், காறவாசல், குவளை, வாய்மூர், சாயங்காலம் வேதாரண்யம். நாகையையும் நள்ளாற்றையும் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

சுந்தரர் கதை தலைகீழாக இருக்கிறது. பொன்னை மணிமுத்தாற்றில் போட்டது விருத்தாசலத்தில், எடுத்தது நம் கமலாலயத்தில். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடு' என்பதே அதை வைத்துத்தான். அந்தப் பொன்னை மாற்று உரைத்துப் பார்த்த பிள்ளையார் குளக்கரையில் இருக்கிறார், அவரை விட்டுவிட்டீர்கள். சுந்தரர் இழந்த கண்ணும் இரண்டும் ஆரூரில் வரவில்லை. இடக்கண் காஞ்சியில், வலக்கண் இங்கே. இதற்காகவே கீழவீதித் தூவாய்நாதர் கோயிலுக்கும் போகவேண்டும்.

பயணச்சீட்டு எடுப்பவர்களுக்கு ரொம்ப முக்கியமானது 9-ஆம் பக்கம். தேரும் பாத தரிசனமும் ஒரே நாள் என்று போட்டிருக்கிறது. ஆழித்தேர் பங்குனி ஆயில்யத்தை ஒட்டி ஓடும். பாதம் காட்டுவது உத்திரத்தன்று, மூன்று நாலு நாள் கழித்து. அது இடப்பாதம். வலப்பாதம் பார்க்க மார்கழித் திருவாதிரைக்கு வரவேண்டும். மற்ற நாளில் தியாகராஜருக்குத் திருமுகம் மட்டும்தான் தெரியும், உடம்பு முழுக்கப் பூவும் துணியும் மூடியிருக்கும். இது தெரியாமல் தேர் முடிந்த மறுநாளே விமானம் ஏறினால் பாதம் போச்சு.

மேற்குக் கோபுரம் வழியாக நுழையச் சொல்லியிருப்பதையும் மாற்றுங்கள். கார் கமலாலயத்துப் பக்கம் நிற்கும் என்பதற்காக எல்லோரும் அப்படியே உள்ளே போய்விடுகிறார்கள். கிழக்குக் கோபுரத்தில் நுழைந்தால்தான் தேவாசிரிய மண்டபம் முதலில் வரும். சுந்தரர் அடியார்களைக் கண்டு தொண்டத்தொகை பாடிய இடம் அது. அங்கிருந்து உள்ளே போய் மூலவர் புற்றிடங்கொண்டார், பக்கத்திலேயே தியாகராஜர். அவர் எதிரே நந்தி நின்றுகொண்டிருப்பதைக் காட்டுங்கள். பிறகு அரநெறி சந்நிதி, ஒரே வரிசையில் நிற்கும் நவக்கிரகம், கடைசியாகக் கமலாம்பாள். அம்பாள் கால்மேல் கால் போட்டு யோகத்தில் இருக்கிறாள், நிதானமாகப் பார்க்கவேண்டிய சந்நிதி. சாயரட்சைக்கு முன்னால் கிளம்பவேண்டாம்.

----

வடக்குவீதி: திருத்தம் எல்லாம் சரி. எத்தனை படி, எத்தனை பக்கம், ஒரு படிக்கு என்ன அடக்கம்? போன தடவை தேர்த் தண்ணீர்ப்பந்தலுக்கு வாங்கிய பணத்துக்கு ரசீதில் பாதி இன்னும் வரவில்லை. அது வந்தால்தான் 25. தேவாசிரிய மண்டபத்துக்கு வண்ணப் பக்கம் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக விலைப்புள்ளி வாங்குங்கள்.

----

தெற்குவீதிப் பெரியப்பா: ரசீது பேச்சு ஒருபக்கம் இருக்கட்டும் தம்பி. ஆழித்தேருக்கு அரைப்பக்கம்தானா? 96 அடி உயரம், 300 டன் கனம். 1926-இல் எரிந்து 1930-இல் மறுபடி ஓடிய தேர். திருச்சி பெல் நிறுவனத்து ஹைட்ராலிக் பிரேக்கைப் படம் போட்டு விளக்குங்கள். வீதி முனையில் இரும்புத் தகட்டைப் போட்டு வழவழவென்று கிரீஸ் தடவி, அதன்மேல் சக்கரத்தை ஏற்றி வழுக்கவிட்டுத் திருப்புவார்கள். முட்டுக்கட்டை போடுகிறவன் அரைக் கணம் பிந்தினாலும் வீட்டுத் திண்ணை தப்பாது. அந்தக் கட்டையைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டவர்கள் யார் என்று மேலவீதிக்கு நன்றாகத் தெரியும். படியில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வரி வரட்டும், நாலு பேர் பங்கை நான் ஒருவனே தருகிறேன்.